யார் முன், யார் பின்: பூட்டில்லா நினைவகத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் வயசாளிகளிடம் ஒரு சம்பவம் எந்த வருஷம் நடந்தது என்று கேட்டால் எண்ணாகப் பதில் வராது. ‘தாது வருசப் பஞ்சத்துக்குப் பெறகுதான் எங்க பாட்டன் இந்த ஊருக்கு வந்தாரு’ என்றோ, ‘கண்மாய் ஒடஞ்சதுக்கு முந்தி’ என்றோதான் வரும். 1876-78 என்பது சர்க்கார் ஏட்டின் எண். சம்சாரிக்கு அது ஒரு முன், ஒரு பின், அவ்வளவுதான். பக்கத்து ஊரில் போய்க் கேட்டால் அதே இரண்டு சம்பவங்கள் வரிசை மாறிக் கிடக்கும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. சேதி எந்த வரிசையில் ஊருக்கு வந்து சேர்ந்ததோ அந்த வரிசையில் ஊர் அதை நினைவில் வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே கோட்டில் அடுக்க ஒருவர் வரும்போதுதான், எந்த ஊரின் வரிசை ‘வரலாறு’, எந்த ஊரின் வரிசை ‘கதை’ என்ற கேள்வி பிறக்கிறது. அந்தக் கேள்விக்குள் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது.

இதே கேள்வி கம்ப்யூட்டரின் நினைவகத்துக்குள்ளும் இருக்கிறது என்பது நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் பேசப்படாத விஷயம். இயந்திரம் என்றால் கறாரான ஒழுங்கு, ஒன்றன்பின் ஒன்று, பிசகே கிடையாது என்று நாம் நம்பிவிட்டோம். இயந்திரத்தைத் திட்டுகிறவர்களும் இதை நம்பித்தான் திட்டுகிறார்கள். உண்மையில் இன்றைய கம்ப்யூட்டருக்குள் ‘எது முதலில் நடந்தது’ என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. அங்கே ஒழுங்கு என்பது ஓர் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தை யார் எழுதினார்கள், ரொம்ப காலம் அதை ஏன் ஒழுங்காக எழுதாமலே வைத்திருந்தார்கள், எழுத வைத்தது யார் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் பெங்களூருக்கும் சென்னைக்கும் பங்கு இருக்கிறது.

முதலில் பூட்டு. ஒரு கம்ப்யூட்டரில் ஒரே செயலி வேலை பார்த்த காலத்தில் தகராறு குறைவு. இரண்டு, நான்கு, எட்டு என்று செயலிகள் பெருகி எல்லாமே ஒரே நினைவகத்தைத் தொட ஆரம்பித்ததும், ஒன்று எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று வந்து கெடுக்கும் நிலை வந்தது. எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1965ல் இதற்கு ஒரு தீர்வை வெளியிட்டார்: ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் வெளியே காத்திருக்க வேண்டும். 1981ல் கேரி பீட்டர்சன் அதையே இரண்டு பேருக்கு அழகாகச் சுருக்கினார். இன்றும் நம் தென்மாவட்டப் பொறியியல் கல்லூரிகளில் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது இந்தப் பீட்டர்சன் முறையைத்தான்.

அதைக் கரிசலுக்குக் கொண்டுவந்தால் இப்படி. ஒரு கண்மாய், ஒரு மடை, இரண்டு சம்சாரிகள். இருவரும் ஒரே சமயத்தில் மடையைத் திறக்கக்கூடாது. திறக்க நினைப்பவர் முதலில் சாவடிப் பலகையில் தன் பெயரை எழுத வேண்டும். அப்புறம் அடுத்தவர் பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் முறைப்படி விட்டுக்கொடுக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் இதில் ஓட்டை தெரியாது. இருவருமே எழுதிவிட்டுத்தான் பார்க்கிறார்கள். ஆகவே பிந்தி எழுதியவர் கண்ணில் முந்தியவர் பெயர் பட்டே தீரும்.

இந்தத் தர்க்கத்துக்கு அடியில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. எழுதியது எழுதின மாத்திரத்தில் எல்லோருக்கும் தெரியும் என்ற அனுமானம் அது. 1979ல் லெஸ்லி லாம்போர்ட் அதற்குப் பெயர் வைத்து வரையறை செய்தார்: எல்லாச் செயலிகளின் செயல்களும் ஏதோ ஒரே வரிசையில் நடந்தது போலவும், ஒவ்வொன்றின் செயலும் அதன் நிரல் சொன்ன வரிசையிலேயே அமைந்தது போலவும் விளைவு இருக்க வேண்டும். தொடர்வரிசை ஒருமை என்று அதைச் சொல்லலாம். ஒரே ஊர், ஒரே பலகை, ஒரே காலம். பெருங்கதையாடல் என்று நாம் இலக்கியத்தில் எதைச் சொல்கிறோமோ அதன் இயந்திர வடிவம்.

செயலி செய்கிற கம்பெனிகளுக்கு இது கட்டுப்படியாகவில்லை. நினைவகம் தூரத்தில் இருக்கிறது, மெதுவானது. ஒவ்வொரு எழுத்தும் போய்ச் சேரும்வரை செயலி கையைக் கட்டிக்கொண்டு நின்றால் வேகம் போச்சு. ஆகவே செயலி எழுத வேண்டியதைத் தன் பக்கத்திலேயே ஒரு தாங்கியில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். நம் சம்சாரி பலகைக்கு நேரே போகாமல் பையன் கையில் சீட்டைக் கொடுத்து ‘எழுதிட்டு வாடா’ என்று அனுப்பிவிட்டு, தான் உடனே பலகையை எட்டிப் பார்ப்பது மாதிரி. பையன் வழியில் கோலி விளையாடிக்கொண்டு நிற்கிறான். எதிராளி வீட்டுப் பையனும் அப்படியே. இரண்டு சம்சாரிகளுக்கும் பலகை காலியாகத் தெரிகிறது. இரண்டு பேரும் மடையைத் திறக்கிறார்கள். நம் மேஜை மேல் இருக்கும் சாதாரண இன்டெல் செயலியிலேயே இது நடக்கும். பையன் எழுதி முடித்ததாகச் சேதி வரும்வரை பலகையைப் பார்க்காதே என்று கட்டளையிட ஒரு தனி உத்தரவு உண்டு. அதற்கு வேலி என்று பெயர். வேலி போடாத பீட்டர்சன் முறை இன்றைய இயந்திரத்தில் வேலைக்கு ஆகாது. கல்லூரிகளில் அதிகம் புழங்கும் சில்பர்ஷாட்ஸ்-கால்வின் பாடநூலே இதை ஒத்துக்கொண்டிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் வரிசை குலைந்த இயந்திரங்களின் மேல் உட்கார்ந்துகொண்டு வரிசை குலையாத இயந்திரத்தைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறோம்.

சரி, எது குலையும், எது குலையாது? இதைச் சொல்ல வேண்டியவர் செயலியைச் செய்தவர். 1990களில் கம்பெனிக் கையேடுகளில் இது இரண்டு பொருள்படும் உரைநடையில் கிடந்தது. 1999 கடைசியில் லினக்ஸ் நிரலாளர்களுக்குள் ஒரு கடித விவாதம் நடந்தது. பூட்டைத் திறக்கும்போது கனமான உத்தரவு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சுமார் 22 துடிப்பு பிடித்தது. வெறுமனே ஒரு எழுத்தாக அதை மாற்றினால் 1 துடிப்பு போதும். செய்யலாமா? லினஸ் டோர்வால்ஸ் கூடாது என்றார். சோதனை செய்து பார்த்தவர்கள் பிசகவில்லை என்றார்கள். பிசகாதது இன்றைக்கு, நாளை வரும் செயலியில் பிசகினால் என்ன செய்வது என்று பதில் வந்தது. கடைசியில் இன்டெல்லுக்குள்ளிருந்து ஒரு வடிவமைப்பாளர் கடிதம் எழுதி, செய்யலாம் என்று சொன்ன பிறகுதான் தகராறு தீர்ந்தது. உலகின் மிகக் கெட்டிக்கார நிரலாளர்கள் கூடி, கையில் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, அது என்ன செய்யும் என்று தெரியாமல் உள்ளேயிருந்து ஒருவர் வாய் திறக்கக் காத்திருந்த காட்சி இது. நிலத்தில் நிற்பவன் சம்சாரி. நிலத்தின் எல்லை எங்கே என்பது கர்ணம் கையிலிருக்கும் ஏட்டில்.

இன்டெல் 2007ல்தான் நினைவக வரிசை பற்றித் தனி வெள்ளை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அந்த உரைநடையும் போதவில்லை. கேம்பிரிட்ஜில் பீட்டர் சீவெல், சுஸ்மித் சர்க்கார் முதலானோர் அதைக் கணித மொழியில் பெயர்த்துப் பார்த்து, எங்கெங்கே அது இயந்திரத்தோடு ஒட்டவில்லை என்று காட்டி, 2009-10ல் ஒரு தெளிவான மாதிரியைக் கொடுத்தார்கள். இதற்கு முன்பே, 1990ல், பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு விஸ்கான்சின் போன சரிதா அட்வே, தன் ஆசிரியர் மார்க் ஹில்லோடு சேர்ந்து பிரச்சினையைத் திருப்பிப் போட்டிருந்தார். நிரலாளர் தன் பங்கைச் செய்யட்டும், போட்டி உள்ள இடங்களை அடையாளம் காட்டட்டும். அப்படிச் செய்தவருக்கு இயந்திரம் ஒற்றை வரிசையைக் காட்டக் கடமைப்பட்டது. ஒழுங்கை இயற்கை விதியாகப் பார்க்காமல் இரு தரப்பு ஒப்பந்தமாகப் பார்த்த முதல் தெளிவான குரல்களில் அது ஒன்று.

இனி கெர்னல். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பருப்பு அது, மற்றதெல்லாம் ஓடு. லினக்ஸ் கெர்னல் 1996ல் 2.0 பதிப்பில் பல செயலிகளை ஏற்றபோது ஒரே ஒரு பெரிய பூட்டைப் போட்டது. எத்தனை செயலி இருந்தாலும் கெர்னலுக்குள் ஒரு சமயத்தில் ஒருவர்தான். அந்தப் பூட்டைத் துண்டு துண்டாக உடைத்து முற்றிலும் நீக்க 2011 ஆனது. பெரிய பூட்டுக்குப் பதிலாகச் சின்னச் சின்னப் பூட்டுகள் போட்டாலும் காத்திருப்பு போகவில்லை. வாசிக்க மட்டும் வந்தவர்கூடப் பூட்டைத் தொட வேண்டியிருந்தது. பூட்டைத் தொடுவதே ஒரு எழுத்து. அந்த எழுத்துக்காக எல்லாச் செயலிகளும் அடித்துக்கொண்டன.

இதற்கு வந்த மாற்று நம்மைப் போன்ற எழுத்துக்காரர்களுக்கு ரொம்பவே பிடிக்கக்கூடியது. பெயரே ‘வாசி, படியெடு, மாற்று’. சுருக்கமாக ஆர்.சி.யூ. கெர்னல் மொழியில் வாசகர், எழுதுபவர் என்பவை கலைச்சொற்கள். எழுதுபவர் பழைய பிரதியின் மேல் கை வைக்க மாட்டார். அதைப் படியெடுத்து, படியில் திருத்தி, திருத்தியதைச் சபைக்கு வைப்பார். வாசகர் யாரையும் கேட்காமல், எந்தப் பூட்டையும் தொடாமல், கண்ணில் பட்ட பிரதியை வாசித்துக்கொண்டு போவார்.

டீக்கடை பெஞ்சில் ஒரு பேப்பர் கிடக்கிறது. நாலு பேர் நாலு தாளைப் பிரித்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். மாலைப் பேப்பர் வருகிறது. கடைக்காரர் பழசைப் பிடுங்குவதில்லை. புதுசை பெஞ்சில் வைக்கிறார், அவ்வளவுதான். இனி வருபவர் புதுசை எடுப்பார். ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர் பழசைப் படித்து முடிப்பார். ஒரே கடையில், ஒரே நேரத்தில், இரண்டு உலகச் செய்திகள் உண்மையாக இருக்கின்றன. சரி, பழசை எப்போது கிழித்து வடை மடிப்பது? ‘முடிச்சாச்சா அண்ணாச்சி?’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்காது. கடைக்காரர் ஒன்றே ஒன்றைத்தான் கவனிக்கிறார்: புதுசை வைத்தபோது பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது எழுந்து போய்விட்டார்களா? போயிருந்தால் பழசு யார் கையிலும் இல்லை. கெர்னலிலும் இதே கணக்கு. ஒவ்வொரு செயலியும் ஒரு முறை வேலை மாறிவிட்டால் போதும், பழைய பிரதியின் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதுவரை உள்ள இடைவெளிக்குச் சலுகைக் காலம் என்று பெயர். வாசகர் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். ஒரே நிபந்தனை, வாசித்துக்கொண்டிருக்கும்போது பெஞ்சிலேயே தூங்கிவிடக்கூடாது. (நம் பத்திரிகைகளுக்கும் இப்படி ஒரு நிபந்தனை போடலாம்தான்.)

இதில் வரிசை எங்கே வருகிறது? சபைக்கு வைக்கும் இடத்தில். தீப்பெட்டி ஆபீஸ் ஏஜெண்ட் முதலில் குச்சி மூட்டையை இறக்கிவிட்டு அப்புறம் ஊருக்குள் சொல்லி அனுப்புகிறார். மூட்டை வண்டியில் வருகிறது, சேதி போனில் வருகிறது. ‘குச்சி வந்துருச்சாம் மதினி’ என்று கட்டை அடுக்கக் கிளம்பிப் போனவர்கள் பார்த்தால் நேற்றைய கழிசல்தான் கிடக்கிறது. ஏஜெண்ட் வரிசையாகத்தான் செய்தார். வந்து சேர்ந்த வரிசை வேறு. புதிய பிரதியை முழுக்க எழுதி முடிப்பதும் ‘இதோ இருக்கிறது’ என்று சுட்டுவதும் இப்படித் தலைகீழாகத் தெரிந்துவிட்டால் வாசகர் அரைகுறைப் பிரதியை வாசித்துவிடுவார், கெர்னல் விழுந்துவிடும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு வேலி கட்டாயம். பூட்டை எடுத்துவிட்டதால் ஒழுங்கு தேவையில்லை என்று ஆகிவிடாது. பூட்டு தன்னை அறியாமல் கொடுத்துவந்த ஒழுங்கை இப்போது எங்கே வேண்டும் என்று நாமே யோசித்துப் போட வேண்டும். சுதந்திரத்துக்கு இந்த வேலை கூடுதலாக வருகிறது.

டிஜிட்டல் கம்பெனி 1992ல் கொண்டுவந்த ஆல்ஃபா என்ற செயலி இதிலும் ஒரு படி மேலே போனது. எழுதுபவர் வேலி போட்டும், வாசகர் புதிய முகவரியைச் சரியாக வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனால் உள்ளே பழைய குடித்தனமே தெரியலாம். வேறெந்த முக்கியச் செயலியும் இப்படிச் செய்வதில்லை. இதற்காகவே லினக்ஸ் வாசகர் பக்கத்திலும் ஒரு சிறப்பு வேலி வைத்தார்கள். ஆல்ஃபா வியாபாரம் 2000களிலேயே முடிந்துபோனது. அந்த வேலியோ 2018 வரை நிரல் முழுக்க நின்றது. 2020ல்தான் அதன் பெயர் கெர்னலிலிருந்து நீங்கியது. செத்துப்போன ஜமீனின் வாய்க்கால் விதி ஊரில் தொடர்வது மாதிரி.

இந்த முறைக்கு உடைமையாளர் யார்? பழைய பிரதியை உடனே அழிக்காமல் விட்டுவைக்கும் யோசனையை எச்.டி. குங், பிலிப் லேமன் இருவரும் 1980லேயே கட்டுரையாக வெளியிட்டிருந்தார்கள். அது பொதுவெளியில் கிடந்தது. ஆரெகன் மாநிலத்து சீக்வென்ட் கம்பெனியில் பால் மெக்கென்னியும் ஜான் ஸ்லிங்வைனும் தங்கள் டைனிக்ஸ் என்ற யுனிக்ஸ் வகையில் இதை ஒரு முறையாக வளர்த்தார்கள். 1995ல் அமெரிக்கக் காப்புரிமை 54,42,758 கம்பெனிக்குக் கிடைத்தது. 1999ல் ஐ.பி.எம். சீக்வென்டை வாங்கியது; காப்புரிமையும் மெக்கென்னியும் கூடவே போனார்கள்.

ஐ.பி.எம்.மின் லினக்ஸ் மையம் ஒன்று பெங்களூரில் இருந்தது. அங்கே வேலை பார்த்த தீபங்கர் சர்மாவும் மனீஷ் சோனியும், மெக்கென்னி முதலானோரோடு சேர்ந்து 2001 ஜூலையில் ஆட்டவா லினக்ஸ் மாநாட்டில் ஆர்.சி.யூ. கட்டுரையை வைத்தார்கள். 2002 அக்டோபரில் 2.5.43 பதிப்பில் அது லினக்ஸுக்குள் நுழைந்தபோது சேர்க்கப்பட்ட நிரல் தீபங்கர் சர்மாவுடையது. பிறகு இருவரும் கோப்புப் பாதை தேடும் பகுதியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கோப்பைத் திறக்க ஊர், தெரு, வீடு என்று ஒவ்வொரு பெயராகத் தேடிப் போக வேண்டும்; ஒவ்வொரு அடியிலும் எல்லோருக்கும் பொதுவான ஒரே பூட்டு. அந்தத் தேடலைப் பூட்டில்லாமல் ஆக்கினார்கள். பெங்களூர் என்றால் வெள்ளைக்காரன் ராத்திரிக்கு நாம் பகலில் உழைக்கிற கூலிக்கொட்டகை என்று மட்டும் பேசிப் பழகிய இடதுசாரி நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூலிக்கொட்டகை உண்மை. அதே கட்டடத்தில் இதுவும் நடந்தது. உடைமை என்னவோ இரண்டிலும் கம்பெனிக்கே.

2003 மார்ச்சில் எஸ்.சி.ஓ. என்ற கம்பெனி ஐ.பி.எம். மேல் வழக்குப் போட்டது. யுனிக்ஸ் எங்கள் சொத்து, யுனிக்ஸ் உரிமத்தின்கீழ் வளர்ந்த டைனிக்ஸும் அதன் வழித்தோன்றல், அதில் பிறந்த ஆர்.சி.யூ.வை லினக்ஸுக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை என்பது அதன் வாதங்களில் ஒன்று. கவனியுங்கள்: ஆர்.சி.யூ.வின் ஒரு வரியைக்கூட எஸ்.சி.ஓ. எழுதவில்லை. என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தாய், ஆகவே உன் யோசனை எனக்குச் சொந்தம் என்கிற பண்ணையார் தர்க்கம். யுனிக்ஸ் பதிப்புரிமையே அவர்களிடம் இல்லை, நோவெல் கம்பெனியிடம்தான் இருக்கிறது என்று 2010ல் ஜூரி சொல்லிவிட்டது. அப்படியும் வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2021ல் 1 கோடியே 42½ லட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது. மறுபக்கம் ஐ.பி.எம்.மும் புத்தரல்ல. தன் காப்புரிமையை ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தில் வரும் நிரலுக்குத்தான் திறந்துவிட்டது. மந்தையில் மேய விட்டார்கள், மந்தைக்கும் ஒரு வேலி உண்டு.

பூட்டில்லா உலகம் ஏதோ பொன்னுலகம் என்று இங்கே முடித்துவிட எனக்கு மனசில்லை. வாசகருக்குக் காத்திருப்பு இல்லை என்பது சரி. காத்திருப்பு மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. பழைய பிரதிகள் சலுகைக் காலம் முடியும்வரை குவிந்து கிடக்கின்றன. 2004 வாக்கில் இதை வெட்டவெளிச்சமாக்கிய சோதனைகள் நடந்தன. வலைப்பின்னல் வழியாகப் பொட்டலங்களை வெள்ளமாக அனுப்பினால் செயலி அவற்றை வாங்கிப் போடுவதிலேயே மூழ்கி, வேலை மாறவே மாறாது. பெஞ்சை விட்டு யாரும் எழுந்திருப்பதில்லை. பழைய பேப்பர் கூரை வரை குவிந்து கடையே மூச்சு முட்டிச் சாகிறது. வெளியிலிருந்து ஒருவர் வேண்டுமென்றே இதைச் செய்யலாம். இதற்காகச் சலுகைக் காலத்தை வேறு விதமாகக் கணக்கிடும் இன்னொரு வகையைச் சேர்த்தார்கள். இன்றைய கெர்னலில் ஒரு வாசகர் பொதுவாக 21 வினாடிக்கு மேல் எழுந்திருக்காவிட்டால் எச்சரிக்கை அச்சாகும்.

வேலிகளை எங்கே போடுவது என்ற விதி கெர்னலிலும் வெகுநாள் வாய்மொழியாகவே இருந்தது. 2006ல் டேவிட் ஹவெல்ஸ் தொடங்கிவைத்த ஆவணம் அதை உரைநடையில் எழுதியது. 2018ல் ஜேட் அல்கிளேவ், லுக் மரான்ஜே, மெக்கென்னி, ஆண்ட்ரியா பாரி, ஆலன் ஸ்டெர்ன் ஆகியோர் சேர்ந்து செய்த முறைப்படியான மாதிரி கெர்னலோடேயே சேர்க்கப்பட்டது. ஒரு சின்ன நிரலைக் கொடுத்து ‘இப்படி ஒரு வரிசை தெரிய முடியுமா?’ என்று கேட்டால் அது முடியும், முடியாது என்று சொல்லும். கம்பெனிக்குள்ளிருந்து ஒருவர் கடிதம் எழுத வேண்டிய நிலை போய்விட்டது. கர்ணத்தின் ஏடு சாவடிக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம்.

செயலிப் பக்கத்திலும் ஒரு ஏடு திறந்திருக்கிறது. ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுப்பு யாருக்கும் சொந்தமில்லாதது. அதன் நினைவக வரிசை விதிகள் கணித வடிவத்தோடு கையேட்டிலேயே அச்சாகியிருக்கின்றன. அதில் வேலி உத்தரவின் பெயரே வேலிதான். அந்தத் தொகுப்பின்மேல் சென்னை ஐ.ஐ.டி.யில் காமகோடி குழுவினர் சக்தி என்ற செயலி வரிசையைச் செய்தார்கள். 2018ல் அதன் சில்லு லினக்ஸை ஓட்டியது. அதே ஆண்டு இன்னொன்று சண்டிகரில், இந்தியாவிலேயே அச்சானது. சக்தியை எழுதப் பயன்பட்ட புளூஸ்பெக் மொழி, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து எம்.ஐ.டி.யில் ஆசிரியராக இருந்த அர்விந்தின் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. நினைவக வரிசையைப் பற்றி 2024ல் இறக்கும்வரை யோசித்துக்கொண்டிருந்தவர் அவர்.

கையேடு, கெர்னல், மாதிரி மூன்றும் காசில்லாமல் கிடைக்கின்றன. மூன்றும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தொடர்வரிசை ஒருமை, தாங்கி, வேலி, சலுகைக் காலம் என்று இந்தக் கட்டுரைக்காகப் புழங்கிய சொற்களில் பாதி இங்கேயே கட்டியவை. இதைவிட நல்லதை யாராவது கட்டினால் தூக்கிப் போட்டுவிடலாம். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிய தாய்மாரின் பிள்ளைகள் இன்று கோவில்பட்டி வட்டாரத்துக் கல்லூரிகளில் இதே பாடத்தைப் படிக்கிறார்கள். பரீட்சையில் பீட்டர்சன் முறை ஒன்றாம் எண்ணிலிருந்து கடைசி வரி வரை அச்சுப் பிசகாமல் எழுத வேண்டிய கேள்வியாக வருகிறது. விடைத்தாளில் வேலி கேட்பதில்லை.